வாவ்ரிங்காவின் மூன்று பட்டங்கள் அதிர்ஷ்டமா?

"ஸ்டான் வாவ்ரிங்கா மூன்று கிராண்ட்ஸ்லாம் ஜெயித்தது அதிர்ஷ்டம்தானே? ஒரு ஃபைனலில் நடாலுக்கு முதுகு பிடித்துக்கொண்டது, இன்னொன்றில் ஜோகோவிச்சுக்குக் கால்விரலில் காயம். பெடரர் பிறந்த நாட்டிலேயே பிறந்தது அவருக்கு வரமா, சாபமா? அவருடைய பழைய ஆட்டங்களைப் பார்க்க நினைக்கும் ஒருவர் எங்கே தொடங்கலாம்?" டென்னிஸ் பார்க்கத் தொடங்கி இரண்டு வருடம் ஆன ஒரு தம்பி இப்படிக் கேட்டிருந்தார். முதல் கேள்விக்கு "இல்லை" என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் இந்த மனிதரைப் பற்றி ஒரே வார்த்தையில் முடிக்க எனக்கு மனம் வராது.

முதலில் ஒரு கணக்கு. 2005 பிரெஞ்ச் ஓபன் முதல் 2016 அமெரிக்க ஓபன் வரை ஆண்கள் ஒற்றையரில் 47 கிராண்ட்ஸ்லாம் போட்டிகள் (வருடத்துக்கு நான்கு நடக்கும் டென்னிஸின் மிகப் பெரிய போட்டிகள்) நடந்தன. அவற்றில் 42 பட்டங்களை பெடரர், நடால், ஜோகோவிச், மர்ரே நான்கு பேரும் பங்கு போட்டுக்கொண்டார்கள். மீதி ஐந்து. அதில் ஒன்று டெல் போட்ரோவுக்கு, ஒன்று சிலிச்சுக்கு. மூன்று வாவ்ரிங்காவுக்கு. பெர்டிச், ஃபெரர், சோங்கா போன்ற அருமையான ஆட்டக்காரர்கள் ஒன்றுகூட வெல்லாமல் போன காலம் அது. அதில் மூன்று பட்டம், அதுவும் மூன்று வேறு வேறு ஊர்களில், மூன்று ஃபைனலிலும் எதிரே நின்றவர் அப்போதைய உலக முதல் நிலை வீரர். அதிர்ஷ்டம் ஒரு தடவை வரும். மூன்று தடவை அதே ஆள் வீட்டுக் கதவைத் தட்டாது.

சரி, ஆரம்பத்திலிருந்து வருகிறேன்.

வாவ்ரிங்கா 1985 மார்ச் 28ஆம் தேதி சுவிட்சர்லாந்தின் லோசானில் பிறந்தவர். வளர்ந்தது அதன் பக்கத்தில் உள்ள சேன் பார்தெலெமி என்ற சின்னக் கிராமத்தில். அப்பா, அம்மா இருவரும் இயற்கை விவசாயம் செய்தவர்கள். மனவளர்ச்சி குன்றியவர்களைப் பராமரிக்கும் வேலையிலும் ஈடுபட்டவர்கள். டென்னிஸ் குடும்பம் என்று சொல்ல எதுவும் இல்லை. எட்டு வயதில் ராக்கெட் பிடித்தார். டிமிட்ரி சவியாலோஃப் என்ற ஒரே பயிற்சியாளரிடம் 2010 வரை இருந்தார். சிறுவனாக இருந்தபோது இரண்டு கையால்தான் பேக்ஹேண்ட் (வலது கை ஆட்டக்காரர் இடப்பக்கம் வரும் பந்தை அடிக்கும் அடி) ஆடினார். பதினொரு வயது வாக்கில் ஒற்றைக் கைக்கு மாற்றினார்கள். உலகமே இரண்டு கைக்குப் போய்க்கொண்டிருந்த நேரத்தில் ஒரு பையனை எதிர்த் திசையில் திருப்பிய அந்த முடிவுதான், என் கணிப்பில், அவர் வாழ்க்கையின் மிகப் பெரிய முடிவு.

அந்த பேக்ஹேண்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும். டி.வி.யில் பார்த்தால் அழகு தெரியும், கனம் தெரியாது. எனக்கு நுங்கம்பாக்கம் எஸ்.டி.ஏ.டி. அரங்கத்தில், சென்னை ஓபன் நடந்த ஒரு ஜனவரியில், பயிற்சி கோர்ட்டின் வேலிக்குப் பக்கத்திலிருந்து பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. பந்து இடப்பக்கம் வருகிறது என்று தெரிந்ததுமே வலது தோளை வலைப் பக்கம் திருப்பிவிடுவார். எவ்வளவு திருப்புவார் என்றால், எதிரே நிற்பவருக்கு அவர் முதுகில் பாதி தெரியும். இடது கை ராக்கெட்டின் கழுத்தைப் பிடித்துப் பின்னால் இழுத்துக்கொண்டு போகும். வலது காலை முன்னால் ஊன்றுவார். அந்த நொடியில் ஒரு சின்ன நிதானம். அப்புறம் இடது கை விட்டுவிட்டுப் பின்பக்கம் பறக்கும், வலது கை தோளிலிருந்து மொத்தமாகத் திறக்கும். பந்து ராக்கெட்டில் படும்போது மற்றவர்கள் அடித்தால் வருகிற "டக்" சத்தம் வராது. கோணி மூட்டையை உயரத்திலிருந்து தரையில் போட்டது போல ஒரு கனமான சத்தம். பக்கத்தில் நின்ற ஒரு பந்து பொறுக்கும் பையன் ஒவ்வொரு அடிக்கும் தன்னையறியாமல் அரை அடி பின்னால் நகர்ந்ததைப் பார்த்தேன்.

இந்த அடிக்கு ஒரு விலை உண்டு. ராக்கெட்டை இவ்வளவு தூரம் பின்னால் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவர நேரம் வேண்டும். பந்து தாழ்வாக, வேகமாக, சறுக்கிக்கொண்டு வந்தால் அந்த நேரம் கிடைக்காது. அதனால்தான் அவர் பேஸ்லைனுக்கு, அதாவது கோர்ட்டின் பின் எல்லைக் கோட்டுக்கு, வெகுதூரம் பின்னால் நிற்பார். அதனால்தான் வேகமான சர்வுக்கு எதிரே முழு வீச்சில் போகாமல் பல சமயம் பேக்ஹேண்டைச் சும்மா தடுத்து, உயரமாக, ஆழமாகத் திருப்பி அனுப்பிவிட்டு அடுத்த பந்துக்குக் காத்திருப்பார். புல்தரையில் பந்து அவ்வளவாக எழும்பாது. விம்பிள்டனில் அவர் கால் இறுதியைத் தாண்டியதே இல்லை, 2014, 2015 இரண்டு முறையும் அங்கேயே நின்றுவிட்டார். பந்து எகிறும் இடங்களில், கொஞ்சம் மெதுவான ஹார்டு கோர்ட்டிலும் களிமண்ணிலும், அவருக்கு எதிரே நிற்பது கொடுமை. தோள் உயரத்துக்கு வரும் பந்தை ஒற்றைக் கையால் அடிக்கப் பெரும்பாலானவர்கள் திண்டாடுவார்கள், பெடரர் உட்பட. வாவ்ரிங்காவுக்கு அதுதான் பிடித்த உயரம்.

நேரம் என்ற இந்த விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய அடிக்கு மட்டும் அல்ல, ஆளுக்கே நேரம் தேவைப்பட்டது.

2003இல் ஜூனியர் பிரெஞ்ச் ஓபனை வென்றார். அதற்கு முந்தைய வருடமே தொழில்முறை ஆட்டக்காரராகிவிட்டிருந்தார். முதல் ஏ.டி.பி. (ஆண்கள் தொழில்முறை டென்னிஸ் அமைப்பு) பட்டம் 2006இல் குரோஷியாவின் உமாக் நகரில். ஃபைனலில் எதிரே 19 வயது ஜோகோவிச். முதல் செட் டைபிரேக்கில் (6-6 ஆனதும் செட்டை முடிக்க ஆடும் கேம்) மூச்சுத் திணறி ஜோகோவிச் பாதியில் விலகினார். அந்த இருவரும் பிற்பாடு என்னென்ன ஆடப்போகிறார்கள் என்று அன்றைக்கு யாருக்குத் தெரியும்? 2008 மே மாதம் ரோமில் ஃபைனல் வரை போய் முதல் பத்து இடங்களுக்குள் வந்தார். ஆனால் இரண்டாவது பட்டம் 2010இல் காசாபிளாங்காவில்தான் கிடைத்தது. நான்கு வருட இடைவெளி. முதல் இருபதுக்குள் இருப்பார், நான்காவது சுற்று வரை வருவார், பெரிய பெயர் எதிரே வந்தால் தோற்றுவிடுவார். அந்தக் காலத்தில் பத்திரிகைகள் அவரை "இன்னொரு சுவிஸ்காரர்" என்றுதான் எழுதின.

இங்கேதான் உங்கள் இரண்டாவது கேள்வி வருகிறது. பெடரரின் நிழலில் இருந்தது வரமா, சாபமா?

இரண்டும் என்று சொல்லி நழுவ நான் விரும்பவில்லை. பெரும்பாலும் வரம் என்பதே என் எண்ணம். நாலு வருடம் மூத்தவர், உலகத்திலேயே சிறந்தவர், கூடவே பயிற்சி செய்யக் கூப்பிடுகிறார். எந்த எதிராளியை எப்படி ஆடலாம் என்று சொல்லித் தருகிறார். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் பெடரர் ஒற்றையரில் தோற்று மனம் உடைந்திருந்த நேரத்தில், இருவரும் சேர்ந்து இரட்டையரில் அரை இறுதியில் பிரையன் சகோதரர்களையும், ஃபைனலில் ஸ்வீடனின் ஆஸ்பெலின், யோஹான்சன் ஜோடியையும் தோற்கடித்துத் தங்கம் வென்றார்கள். பெடரரிடம் ஒரே ஒரு ஒலிம்பிக் தங்கம்தான் இருக்கிறது, அதில் பாதி வாவ்ரிங்காவுடையது. நாட்டின் எதிர்பார்ப்பு முழுவதும் பெடரரின் தோளில் இருந்ததால் வாவ்ரிங்காவுக்கு அவசரப்படாமல் வளர இடம் கிடைத்தது. இன்னொரு நாட்டில் பிறந்திருந்தால் 23 வயதிலேயே "ஏன் இன்னும் ஜெயிக்கவில்லை" என்று பிய்த்துத் தின்றிருப்பார்கள்.

கோர்ட்டில் எதிரெதிராக ஆடும்போது மட்டும் அது பாரம்தான். 26 ஆட்டங்களில் பெடரரை அவர் வென்றது மூன்றே முறை. மூன்றும் களிமண்ணில்: மான்டி கார்லோவில் 2009, 2014, அப்புறம் பாரிஸில் 2015. பந்து எகிறும் தரையில் அவர் யாரையும் வெல்ல முடியும் என்பதற்கும், தாழ்வாக வரும் ஸ்லைஸுக்கு (பந்தை வெட்டி அடிப்பது) எதிரே தடுமாறுவார் என்பதற்கும் இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

இனி 2013. வெற்றி வருடங்களை விட இந்தத் தோல்வி வருடம்தான் எனக்கு முக்கியம்.

ஆஸ்திரேலிய ஓபன் நான்காவது சுற்று. எதிரே நடப்புச் சாம்பியன் ஜோகோவிச். வாவ்ரிங்கா முதல் செட்டை 6-1 என்று எடுத்தார். இரண்டாவது செட்டில் 5-2 என்று முன்னால் இருந்தார். அரங்கத்தில் இருந்தவர்களால் நம்ப முடியவில்லை. அந்த இடத்திலிருந்து ஜோகோவிச் திரும்பி வந்தார். ஐந்தாவது செட் 12-10 வரை போனது. ஐந்து மணி இரண்டு நிமிடம். ஊர் தூங்கிப் போன நேரத்தில் ஜோகோவிச் ஜெயித்துச் சட்டையைக் கிழித்துக்கொண்டு கத்தினார். வாவ்ரிங்கா தலையைக் குனிந்து வெளியே போனார். அதற்கு இரண்டே வாரத்தில் ஜெனீவாவில், நாடுகளுக்கு இடையே நடக்கும் டேவிஸ் கோப்பையில், செக் குடியரசுக்கு எதிரான இரட்டையர் ஆட்டம். அது ஏழு மணி இரண்டு நிமிடம் நடந்தது, டேவிஸ் கோப்பை வரலாற்றிலேயே நீளமான ஆட்டம். கடைசி செட் 24-22. அதிலும் தோற்றவர் பக்கம் வாவ்ரிங்கா.

இந்த இரண்டும் ஒருவரை முடித்துவிடப் போதும். அவர் என்ன செய்தார் என்றால், இடது முன்கையின் உட்புறத்தில் சாமுவேல் பெக்கெட்டின் வரிகளைப் பச்சை குத்திக்கொண்டார். முயன்றாய், தோற்றாய், அதனால் என்ன, மறுபடி முயன்று இந்தத் தடவை இன்னும் மேலாகத் தோற்றுப் போ என்கிற பொருள் கொண்ட வரிகள். பலர் அதை ஒரு ஊக்க வாசகமாக எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு அது ஒரு ஆட்டக்காரரின் நேர்மையான கணக்காகவே படுகிறது. டென்னிஸில் ஒவ்வொரு வாரமும் ஒருவரைத் தவிர எல்லாரும் தோற்றுத்தான் ஊருக்குப் போகிறார்கள்.

அந்த ஏப்ரலில் மேக்னஸ் நார்மனைப் பயிற்சியாளராக வைத்துக்கொண்டார். நார்மன் ஸ்வீடன்காரர், உலகத் தரவரிசையில் இரண்டாம் இடம் வரை வந்தவர், 2000 பிரெஞ்ச் ஓபன் ஃபைனல் ஆடியவர். அதைவிட முக்கியம், 2009இல் பிரெஞ்ச் ஓபன் நடக்கும் ரோலாண்ட் கேரோஸில் நடாலைத் தோற்கடித்த சோடர்லிங்கின் பயிற்சியாளர். பெரிய ஆட்களை எதிரே பார்த்ததும் ஒதுங்கிப் போகாமல் பந்தை அடிக்கும் ஒருவரை எப்படித் தயார் செய்வது என்று தெரிந்தவர். அவரோடு சேர்ந்த பிறகு வாவ்ரிங்காவிடம் தெரிந்த மாற்றம் எளிமையானது. முக்கியமான புள்ளிகளில் பந்தைப் பத்திரமாகத் திருப்புவதை விட்டுவிட்டு முழுக் கையையும் வீசினார். போனால் போகட்டும்.

அந்த வருட அமெரிக்க ஓபன் கால் இறுதியில் நடப்புச் சாம்பியன் மர்ரேயை நேர் செட்டில் வீட்டுக்கு அனுப்பினார். அரை இறுதியில் மறுபடி ஜோகோவிச், மறுபடி ஐந்து செட், மறுபடி தோல்வி. ஆனால் அந்த ஐந்தாவது செட்டின் மூன்றாவது கேம் மட்டும் 21 நிமிடம் நடந்தது. வாவ்ரிங்காவின் சர்வ். பிரேக் பாயிண்ட் (இன்னும் ஒரு புள்ளி போனால் கேம் எதிராளிக்கு) வரும், காப்பாற்றுவார், புள்ளிகள் சமமாகி டியூஸ், மறுபடி பிரேக் பாயிண்ட். கடைசியில் அந்த கேமை எடுத்தபோது நியூயார்க் அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. ஆட்டத்தில் தோற்றவருக்குத்தான் அந்தக் கைதட்டல் கிடைத்தது என்பதை மறக்காதீர்கள்.

அடுத்த ஜனவரியில் அவர் வந்த ஊர் சென்னை.

வெளிநாட்டு எழுத்துகளில் இது ஒரு வரியில் போய்விடும். நமக்கு அப்படிக் கடந்து போக முடியாது. வாவ்ரிங்கா மொத்தம் வென்றது 16 ஏ.டி.பி. ஒற்றையர் பட்டங்கள். அதில் நான்கு நுங்கம்பாக்கத்தில்: 2011, 2014, 2015, 2016. சரியாகக் கால் பங்கு. 2010இல் இங்கே ஃபைனலில் சிலிச்சிடம் இரண்டு டைபிரேக்கில் தோற்று, அடுத்த வருடம் பெல்ஜியத்தின் சேவியர் மாலிஸை வென்று கணக்கைத் தொடங்கினார். 2013இல் பெனுவா பேருடன் சேர்ந்து இரட்டையர் பட்டமும் இங்கே எடுத்தார். ஜனவரி முதல் வாரத்தில் அவர் ஊரில் பனி. பத்து நாள் கழித்து மெல்போர்னில் நாற்பது டிகிரி வெயிலில் ஆட வேண்டும். இடையில் சென்னையின் புழுக்கமும், பந்து நன்றாக எழும்பும் தரையும் அவருக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி இருந்தன. வென்றால் 250 தரவரிசைப் புள்ளி மட்டும் தரும் சின்னப் போட்டிதானே என்று ஏனோதானோ என்று ஆடியதில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் நகரம் மூழ்கி எழுந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது, அவர் வந்தார், ஃபைனலில் போர்னா சோரிச்சை வென்று தொடர்ந்து மூன்றாவது முறை கோப்பையைத் தூக்கினார். 2017க்குப் பிறகு அந்தப் போட்டியே புனேவுக்குப் போய்விட்டது. அந்த ஏமாற்றம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

2014 ஜனவரி 5ஆம் தேதி சென்னையில் பிரான்ஸின் ரோஜர் வாஸ்லனைத் தோற்கடித்துக் கோப்பை வாங்கிய கை, ஜனவரி 26ஆம் தேதி மெல்போர்னில் ஆஸ்திரேலிய ஓபன் கோப்பையைத் தூக்கியது. அந்த மூன்று வாரத்துக்கு இடையில் நடந்ததைச் சொல்கிறேன்.

கால் இறுதியில் ஜோகோவிச். முந்தைய வருடம் போலவே ஐந்தாவது செட், அதே அரங்கம். இந்த முறை 9-7. கடைசிப் புள்ளியில் ஜோகோவிச் வழக்கமில்லாத வழக்கமாக சர்வ் போட்டுவிட்டு வலைக்கு ஓடிவந்தார், சுலபமான ஒரு ஃபோர்ஹேண்ட் வாலியை வெளியே அடித்தார். மெல்போர்னில் தொடர்ந்து 25 ஆட்டம் ஜெயித்திருந்தவர் அதைச் செய்தார் என்றால், எதிரே இருந்தவர் அவரைப் பேஸ்லைனில் நிம்மதியாக இருக்க விடவில்லை என்று அர்த்தம். அரை இறுதியில் பெர்டிச். ஃபைனலில் நடால்.

அதற்கு முன் நடாலுடன் 12 முறை ஆடியிருந்தார். 12லும் தோல்வி, ஒரு செட் கூட எடுத்ததில்லை. அந்த ஃபைனலின் முதல் செட்டை 6-3 என்று வென்றார். இந்த இடத்தைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள்: ஆட்டத்துக்கு முந்தைய பயிற்சியிலிருந்தே முதுகு உறுத்தியதாக நடால் பிறகு சொன்னார், ஆனால் அது அவரை முடக்கியது இரண்டாவது செட்டில். அப்போது இன்னும் ஓடியாடிக்கொண்டிருந்த நடாலைத்தான் அவர் முதல் செட்டில் பிய்த்து எறிந்தார். இரண்டாவது செட் 6-2. மூன்றாவது செட்டில் நடந்தது விசித்திரம். நடால் அசையவே சிரமப்பட்டார், சர்வின் வேகம் வெகுவாகக் குறைந்துவிட்டது, ஆனால் வாவ்ரிங்காவின் கைதான் நடுங்கியது. அந்த செட்டைத் தோற்றார். அடிபட்டவரை எதிர்த்து ஆடுவது சுலபம் என்று ஆடாதவர்கள்தான் சொல்வார்கள். பந்து எங்கே வரும் என்று தெரியாது, ஜெயித்தே ஆக வேண்டும் என்ற எண்ணம் தொண்டையைப் பிடிக்கும். நான்காவது செட்டில் மனதைத் தேற்றிக்கொண்டு 6-3 என்று முடித்தார். பெரிதாகக் குதிக்கவில்லை. முதுகு பிடித்த நண்பனுக்கு முன்னால் எப்படிக் குதிப்பது?

ஒரே கிராண்ட்ஸ்லாமில் முதல் இரண்டு தரவரிசை வீரர்களையும் தோற்கடித்து ஒருவர் பட்டம் வென்றது 1993க்குப் பிறகு அதுதான் முதல் முறை. உலகத் தரவரிசையில் மூன்றாம் இடம், அவருடைய உச்சம். முதல் முறையாக பெடரரை முந்திச் சுவிட்சர்லாந்தின் முதல் வீரரானார்.

அதே வருடம் ஏப்ரலில் மான்டி கார்லோவில் பெடரரை வென்று தன் ஒரே மாஸ்டர்ஸ் (கிராண்ட்ஸ்லாமுக்கு அடுத்த நிலைப் போட்டி) பட்டத்தை எடுத்தார். நவம்பரில் லண்டனில் நடந்த ஏ.டி.பி. வருட இறுதிப் போட்டியின் அரை இறுதியில் அதே பெடரருக்கு எதிரே நான்கு மேட்ச் பாயிண்ட் (ஒரு புள்ளி எடுத்தால் ஆட்டமே முடியும் நிலை) கையில் வைத்திருந்தும் தோற்றார். அந்த இரவு இருவருக்கும் இடையில் கொஞ்சம் மனக்கசப்பு. ஒரு வாரம் கழித்து பிரான்ஸில் லில் நகரில் டேவிஸ் கோப்பை ஃபைனல், பெடரருக்கு முதுகு வலி, 27,000 பேருக்கு மேல் நிறைந்த அரங்கம், பெரும்பாலோர் பிரெஞ்சுக்காரர்கள். முதல் ஆட்டத்தில் வாவ்ரிங்கா சோங்காவை வென்றார், இரட்டையரை இருவரும் சேர்ந்து வென்றார்கள், பெடரர் காஸ்கேயை வென்று முடித்தார். சுவிட்சர்லாந்துக்கு முதல் டேவிஸ் கோப்பை. பெடரரின் கோப்பை என்று அதைச் சொல்பவர்கள் முதல் நாள் ஆட்டத்தை மறுபடி பார்க்க வேண்டும். மோன்ஃபிஸிடம் பெடரர் தோற்ற அன்று அணியைத் தாங்கி நின்றவர் யார் என்று தெரியும்.

2015 பாரிஸ். என்னைக் கேட்டால் அவர் ஆடிய டென்னிஸிலேயே உயர்ந்தது இதுதான். கால் இறுதியில் பெடரரை நேர் செட்டில் வென்றார், பெடரரால் அவர் சர்வை ஒரு முறை கூட உடைக்க முடியவில்லை. ஃபைனலில் ஜோகோவிச். தொடர்ந்து 28 ஆட்டம் ஜெயித்து, அதே போட்டியில் நடாலையும் மர்ரேயையும் தாண்டி வந்திருந்தார். அவரிடம் இல்லாத ஒரே கிராண்ட்ஸ்லாம் அது. உலகமே அவருக்குக் கோப்பையைக் கொடுக்கத் தயாராக இருந்தது. அவர் முதல் செட்டை எடுத்தார். அதற்கு மேல் என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. ஜோகோவிச்சின் பலம் எந்தப் பந்தையும் திருப்பி அனுப்புவது. அன்றைக்கு அவர் ஓடிப்போய்ச் சேரும் முன்னே பந்து கோர்ட்டைத் தாண்டிவிட்டது. கோர்ட்டுக்குக் குறுக்காக இரண்டு மூன்று பேக்ஹேண்ட் பரிமாற்றம், அப்புறம் திடீரென்று கோட்டை ஒட்டி நேராக ஒன்று. ஒரு பந்தை வலைக் கம்பத்துக்கு வெளியே சுற்றிக் கொண்டுபோய் உள்ளே விழவைத்தார். 4-6, 6-4, 6-3, 6-4. கடைசிப் புள்ளியும் கோட்டை ஒட்டிய அதே பேக்ஹேண்ட். ஜோகோவிச் அந்த வருடம் மற்ற மூன்று கிராண்ட்ஸ்லாமையும் வென்றார் என்பதைச் சேர்த்துப் பாருங்கள். ஒரே வருடத்தில் நான்கும் என்ற அவர் கனவுக்குக் குறுக்கே நின்றது அந்த ஒரு மாலை மட்டுமே. அங்கே யாருக்கும் காயம் கிடையாது.

அந்தப் போட்டி முழுக்க அவர் போட்டிருந்த கட்டம் போட்ட அரைக்கால் சட்டையைக் கிண்டல் செய்யாதவர்கள் கிடையாது. லுங்கித் துணியில் தைத்தது போலத்தான் இருந்தது. ஜெயித்த பிறகு பத்திரிகையாளர் சந்திப்புக்கு அதையும் எடுத்துவந்து மேசையில் தொங்கவிட்டார். இப்போது அது ரோலாண்ட் கேரோஸ் அருங்காட்சியகத்தின் சொத்து.

2016 நியூயார்க். இங்கேதான் "கால்விரல் காயம்" கதை. மூன்றாவது சுற்றில் டான் எவன்ஸிடம் மேட்ச் பாயிண்ட் வரை போய்த் தப்பித்தவர் வாவ்ரிங்கா. ஃபைனலுக்கு வரும்போது கோர்ட்டில் அவர் செலவழித்திருந்த நேரம் ஜோகோவிச்சைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஜோகோவிச்சுக்கு மூன்று எதிராளிகள் ஆடாமலோ பாதியிலோ விலகியிருந்தார்கள். களைத்திருக்க வேண்டியவர் வாவ்ரிங்கா. அன்று ஆட்டம் தொடங்க ஐந்து நிமிடம் இருக்கும்போது நார்மனிடம் பேசிக்கொண்டே அழுதுவிட்டதாகவும், உடம்பெல்லாம் நடுங்கியதாகவும் பிறகு அவரே சொன்னார். அந்த நிலையில் உள்ளே போனவர், எதிராளிக்குக் கிடைத்த 17 பிரேக் பாயிண்டுகளில் 14ஐக் காப்பாற்றினார். 6-7, 6-4, 7-5, 6-3. ஜோகோவிச் கால்விரலுக்குச் சிகிச்சை கேட்டது நான்காவது செட்டில், ஆட்டம் கைமீறிப் போய்க்கொண்டிருந்தபோது. அந்தக் கால்விரல்களை அந்த நிலைக்குக் கொண்டுபோனதே மூன்று மணி நேரமாக அவரை மூலைக்கு மூலை ஓடவைத்த அடிகள்தான். 31 வயதில் பட்டம். 1970இல் ரோஸ்வால் வென்ற பிறகு அமெரிக்க ஓபனை வென்றவர்களில் அன்றைக்கு வயதில் மூத்தவர் இவர்தான்.

2014 சென்னை முதல் இந்த நியூயார்க் வரை அவர் ஆடிய 11 ஃபைனலும் வெற்றி.

"அப்படிப்பட்டவர் ஏன் சின்னப் போட்டிகளில் யார் யாரிடமோ தோற்றார்?" என்று அடுத்துக் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. மெல்போர்ன் சாம்பியனாக 2014 பிரெஞ்ச் ஓபனுக்குப் போய் முதல் சுற்றிலேயே வெளியேறியவர் இவர். மர்ரேயோடு வைத்துப் பாருங்கள். இருவரிடமும் மூன்று கிராண்ட்ஸ்லாம். மர்ரேயிடம் 46 பட்டம், முதல் இடம், இரண்டு ஒலிம்பிக் ஒற்றையர் தங்கம். முழு வாழ்க்கையைக் கணக்கிட்டால் மர்ரே பெரியவர், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் மர்ரே 11 கிராண்ட்ஸ்லாம் ஃபைனலில் மூன்று வென்றார். வாவ்ரிங்கா நான்கில் மூன்று. மறுபடி நேரத்துக்கே வருகிறேன். மூன்று செட் ஆட்டத்தில் அவர் சூடேறும் முன்னே பாதி முடிந்துவிடும். ஐந்து செட் ஆட்டத்தில் முதல் செட்டைக் கொடுத்துவிட்டுக் கூட, கை திறந்துகொள்ளும் வரை அவரால் காத்திருக்க முடியும். மூன்று ஃபைனலில் இரண்டில் முதல் செட்டைத் தோற்றவர்தான். இரண்டு வாரப் போட்டியில் முதல் வாரம் தட்டுத் தடுமாறி, இரண்டாவது வாரம் ஆளே மாறிவிடுவார்.

அப்புறம் உடம்பு கணக்குக் கேட்டது. 2017 பிரெஞ்ச் ஓபன் அரை இறுதியில் மர்ரேயை ஐந்து செட்டில் வென்றார், ஃபைனலில் நடால் அவரை எளிதாக முடித்தார். அந்த ஆகஸ்டில் இடது முழங்காலில் இரண்டு அறுவைச் சிகிச்சை. 2018இல் தரவரிசை 263க்கு இறங்கியது. திரும்பி வந்தார். 2019 பாரிஸில் 34 வயதில் சிட்சிபாஸை ஐந்து மணி ஒன்பது நிமிடம் ஆடி வென்றார். 2021இல் இடது பாதத்தில் இரண்டு சிகிச்சை, ஒரு வருடத்துக்கு மேல் ஆட்டமே இல்லை. 37 வயது வாக்கில் ஸ்பெயினில் ஒரு சேலஞ்சர் போட்டியில் (ஏ.டி.பி. போட்டிகளுக்குக் கீழ்ப் படி), சின்ன அரங்கத்தில், மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். மூன்று கிராண்ட்ஸ்லாம் வென்றவருக்கு அங்கே நிரூபிக்க ஒன்றும் கிடையாது. ஆடப் பிடித்திருந்தது, ஆடினார். 2023இல் அதே உமாக்கில், முதல் பட்டம் வென்ற 17 வருடம் கழித்து, 38 வயதில் ஃபைனல் வரை வந்து பாப்பிரினிடம் மூன்று செட்டில் தோற்றார். 2026தான் கடைசி வருடம் என்று 2025 டிசம்பரில் அறிவித்தார்.

கடைசியாக, எதில் தொடங்குவது என்று கேட்டீர்கள். பலரும் 2015 பாரிஸ் ஃபைனலைச் சொல்வார்கள். அதை இரண்டாவதாக வையுங்கள். முதலில் 2013 மெல்போர்ன், ஜோகோவிச்சிடம் 12-10இல் தோற்ற ஆட்டத்தை முழுதாகப் பாருங்கள், தொகுப்பாக அல்ல. ஐந்து மணி நேரம், ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கிவிடுங்கள். இரண்டாவது செட்டில் 5-2 வரும்போது அவர் முகத்தைப் பாருங்கள். பிறகு பாரிஸைப் போட்டு, நான்காவது செட் முடியப்போகும் இடத்தில் அதே முகத்தைப் பாருங்கள். பந்து இடப்பக்கம் வரும், தோள் திரும்பும், அந்தச் சின்ன நிதானம் வரும். சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்துக்கொள்ளுங்கள்.